இரண்டு மாவுப் பாத்திரங்கள்

பஞ்சாபின் உழவர் வீடுகளில் பொழுது கோதுமை மாவு பிசைவதில் தொடங்குகிறது. பிசைபவள் பெரும்பாலும் வீட்டு மருமகள். அம்மருமகளே அந்த மாவை உண்ணலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டால் என்ன ஆகும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சீலியாக் நோயுடையோர் அதனை உண்டால், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. சத்துகள் உடலில் சேர்வதில்லை. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் விளக்கினார். உலகில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே மருத்துவம்.

சொல்வதற்கு எளிது. நோய் இன்னதென்று அறியுமுன்பே அவள் பல ஆண்டுகளை இழந்திருப்பாள். இரத்தசோகையும் ஓயாத களைப்பும் சோம்பலாகக் கருதப்படும். கரு தங்காமற்போனால் பழி அவள்மீதே விழும். நோயின் பெயர் தெரிந்த நாளில் அவளுக்கு முதலில் தோன்றுவது அச்சமன்று, ஆறுதல். தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சான்று கிடைத்துவிட்டதல்லவா!

அதன்பின் வருவது வேறொரு துன்பம். ஒரே பலகையில் தேய்த்து ஒரே தோசைக்கல்லில் சுட்டால் அவளது உணவிலும் கோதுமை ஒட்டிக்கொள்ளும். தனிப் பாத்திரம், தனிப் பலகை, தனிக் கல் வேண்டும். கணவனுக்கு நோய் வந்தால் வீட்டுச் சமையலே மாறிவிடும். மருமகள் தனக்கெனக் கேட்டால் அது பிடிவாதம் எனப்படும். “ஒரு வாய் உண்டால் என்ன ஆகிவிடும்?” என்பார் மாமியார். அன்பினால் சொல்லப்படும் அச்சொல்லை மறுப்பதுதான் மிகக் கடினம். மணமாகாத பெண்ணெனில், வரன் தட்டிப்போகுமே என்று பெற்றோர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நோயோடு புகுந்த வீட்டில் அவள் எதை உண்பாள்?

குருத்வாராவில் வேற்றுமையின்றி அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். அங்கு வழங்கும் கடா பிரசாதம் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. அவள் இரு கைகளையும் ஏந்திப் பெறுகிறாள். மகனின் கையில் இடுகிறாள். உடனே கை கழுவ எழுகிறாள். காண்போர் கண்ணுக்கு அஃது அவமதிப்பு. ஒவ்வொருவரிடமும் நின்று தன் குடலின் கதையை அவள் சொல்லிக்கொண்டிருக்க இயலுமா? திருமண அழைப்புகளுக்கு உடல் நலமில்லை என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். தாய்க்கு உள்ள நோய் பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டாகையால், மகன் வயிறு வலிக்கிறது என்னும்போதெல்லாம் அவள் நெஞ்சு துணுக்குறுகிறது.

குளிர்காலத்தில் கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் அவ்வூர் வீடுகளின் விருப்ப உணவு. உடையாமல் தட்டுவதற்காகச் சிலர் அதிலும் சிறிது கோதுமை மாவைக் கலப்பதுண்டு. அன்று மாமியார் கோதுமை மாவுப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்கிறார். மருமகளின் கல்லை அடுப்பில் ஏற்றுகிறார். வீடே அந்த ஒரு கல்லில் சுட்ட ரொட்டியை உண்கிறது.