யாம் துயின்ற வரலாறு

உண்ணுதலும் உறங்குதலும் உயிர்கட்கெல்லாம் பொதுவேயாயினும், தான் உண்டதை அறியும் மனிதன் தான் உறங்கிய வகையை அறியான். தன் உறக்கம் எத்தகையது என்பதற்கு அவன் பிறர் வாய்மொழியையே சான்றாகக் கொள்ள வேண்டியவனாகின்றான். இவ்வுண்மையை யாம் எமது 53-ஆம் வயதிலேதான் கற்றோம். அதுவும் மிக்க பொருட்செலவோடும் அதனினும் மிக்க அச்சத்தோடும் கற்றோம். அதனை நம் கல்லூரியின் இளைய மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தாம் எனக் கருதி இதனை எழுதலுற்றோம்.

இக்கல்லூரியில் யாம் பயின்ற காலத்தே, காலை வழிபாட்டிற் கண்ணயர்வது எமக்கு வழக்கம். பவுலடிகள் நெடுநேரம் பிரசங்கிக்கையில் சன்னலிலிருந்து தூங்கிக் கீழே விழுந்த ஐத்திகு என்னும் வாலிபன் பெயரையே விடுதித் தோழர் எமக்கு இட்டு வழங்கினர். யாமும் உடன் நகைத்தோம். பின்னர் இராஜபாளையத்தில் இல்லமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியப் பணியுமாக எம் வாழ்க்கை அமைந்தபோது, அந்நகைப்பு மெல்ல மெல்லக் கசந்தது. இரண்டு ஊர்க்கும் இடைவழி சுமார் 12 கிலோமீட்டரே. அக்குறுகிய வழியிலும் மதுரைப் பேருந்தில் உறங்கிப்போய், இறங்குமிடந் தவறிக் கிருஷ்ணன்கோயிலில் நடத்துநர் தட்டியெழுப்ப விழித்த நாட்கள் பல. ஒருநாள் மாலை இருசக்கர வண்டியில் வீடு திரும்புகையில் எம் கண்கள் தாமே மூடின. பின்னே அமர்ந்திருந்த எம் மகள் "அப்பா!" என்று அலறியபின் விழித்து நோக்கினால், வண்டி சாலையோரத்துப் புளியமரத்தை நேர்நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அவ்வொரு சொல்லே எங்கள் இருவர் உயிரையும் காத்தது.

அன்றிரவு எம் மனையாள் உறங்கவில்லை. அவர் ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரிற் பிறந்தவர். மார்கழிதோறும் திருப்பாவை கேட்டு வளர்ந்தவராதலின், துயிலெழாத தோழியைக் கும்பகருணனோடு சார்த்திக் கேலி பேசும் பாசுரத்தை எமக்கே உரியதாக்கி நகைப்பது அவர் இயல்பு. அன்றோ அவர் நகைக்கவில்லை. கடிகாரத்தைக் கையிற்கொண்டு எம் அருகே அமர்ந்திருந்தார். விடிந்ததும், "குறட்டையைப் பற்றி எனக்குக் கவலை இல்லைங்க, குறட்டை நின்றுபோகும்போதுதான் பயமாக இருக்கிறது. ஒரு தடவை 30 வினாடி மூச்சே வரவில்லை" என்றார். யாம் நம்பினோமில்லை, இரவெல்லாம் அயர்ந்து உறங்கியதாகவே வாதிட்டோம்.

இந்நோயை மருத்துவர் 'ஸ்லீப் ஆப்னியா' என்பர். உறக்கத்திடை மூச்சுத்தடை என யாம் கூறலாம். உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலர்க்கு அத்தளர்ச்சியால் காற்றுவழி குறுகிக் குறட்டை எழும்; பின்னும் குறுகின் வழி முற்றும் அடைபடும். மூச்சின்றி இரத்தத்திற் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு எழுந்து தசைகளை இறுக்கி வழியைத் திறக்கும். அவ்விழிப்புக் கணப்பொழுதினதாகலின் உறங்குவோன் அதனை அறியான். குறைந்தது 10 வினாடி நீடிக்கும் தடைகளும் மூச்சுக் குறைவுகளும் மணிக்கு எத்தனை என்று எண்ணுவர். 5-க்குக் கீழாயின் இயல்பு. 15 வரை சிறிது. 30 வரை நடுத்தரம். அதற்கு மேற்படின் கடுமை. கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் ஏறுதலும் இதயம் நலிதலும் உண்டு. 2022 பிப்ரவரியில் பாடலிசை அமைப்பாளர் பப்பி லாஹிரி மறைந்தபோது, இந்நோயே காரணமென மருத்துவர் அறிவித்ததைப் பலர் நினைவு கூர்வர்.

இதற்குச் சிறந்த பரிகாரம் ஆஸ்திரேலிய நாட்டிற் பிறந்தது. சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தின் அக்காற்றே தொண்டையைத் தாங்கித் திறந்து வைக்குமெனக் கண்டு, 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதற்கு முன்னர், நோய் கடுமையாயினார்க்குக் கழுத்தில் துளையிடுதலே கதி. சல்லிவன் ஆராய்ந்த நோயாளர் ஐவரே. அவ்வைவருள்ளும் வேண்டிய அழுத்தம் 4.5 முதல் 10 வரை, நீர்மட்டச் சென்டிமீட்டர்க் கணக்கில், வேறுபட்டிருந்தது. இச்சிறு செய்தியை யாம் முன்னரே அறிந்திருப்பின் எம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கெனச் சேர்த்த பணம் வீணாகியிராது.

யாம் செய்த பிழை இது. எம்மை முதலிற் கண்ட மருத்துவர், மதுரைக்குச் சென்று ஓரிரவு தங்கி உறக்கச் சோதனை செய்துகொள்ளுமாறு பணித்தார். அந்நிய இடத்தில் உடலெல்லாம் கம்பி கட்டி உறங்குவதா எனக் கூசி அதனைத் தட்டிக் கழித்தோம். எதிர்வீட்டு அண்ணாச்சி, நூற்பாலையில் மேஸ்திரியாயிருந்து ஓய்வுபெற்றவர், முன்னமே இக்கருவியைப் பயன்படுத்துபவர். "பத்திலே வைத்திருக்கிறேன் சார், மூன்றே நாளில் மறுபிறவி எடுத்தாற்போல ஆயிற்று" என்றார். யாம் வேறோரிடத்தை அடுத்து வற்புறுத்தி, 'சீ-பாப் கருவி ஒன்று தேவை' என்ற ஒற்றை வரியுடைய மருந்துச்சீட்டைப் பெற்றோம். விற்பவர் அழுத்தம் எவ்வளவென வினவ, 10 என்று யாமே விடையளித்தோம். மூக்குக் கவசமும் கடையில் இருந்ததொன்றே.

விளைவு நகைப்பிற்கிடமாயிற்று. எம் மூக்கு ஒருபுறம் அடைப்புடையது; ஆதலின் வாய் திறந்து காற்றெல்லாம் வெளியே ஓடிற்று. நா வறண்டது; கவசத்தின் ஓரத்தாற் கண்கள் எரிந்தன. நள்ளிரவில் யாமே அறியாது அதனைப் பிடுங்கி எறிந்தோம். மனையாள் முன்போலவே மூச்சு நிற்கிறதென்றார். மூன்று வாரத்தில் கருவி அலமாரியின் மேலேறியது. கருவி பொய்யென்றே யாம் முடிவு செய்தோம்.

அதன்பின் ஒருநாள் வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையிலேயே கண்ணயர்ந்தோம். மாணவர் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்தம் அமைதியே எம்மைச் சுட்டது. அவ்வாரமே மனையாளுடன் மதுரைக்குச் சென்றோம். ஆங்கு முதலில் எட்டு வினாக்கள் கொண்ட தாளொன்றை அளித்தனர். மர்ரே ஜான்ஸ் என்பார் 1991-இல் மெல்போர்னில் வகுத்தது. பகற்பொழுதில் எவ்வெப்போது தூக்கம் வரும் என்பதே வினா. முழு எண் 24. 10-க்கு மேற்படின் ஆராயத்தக்கது. யாம் எமக்கிட்ட எண் 7. மருத்துவர் அதே தாளை மனையாளிடம் கொடுத்தார். அவர் எமக்கிட்ட எண் 17. மருத்துவர் அவரது தாளையே கோப்பில் வைத்தார்.

முதலிரவு சோதனை. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் காலிலும் கம்பிகள். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். மூக்கில் சிறு குழாய். விரலிற் பிராணவாயு அளக்கும் கிளிப்பு. மணிக்கு 42 தடவை தடையுற்றதாகவும், பிராணவாயு 74 விழுக்காடு வரை இறங்கியதாகவும் கணக்கு வந்தது. 30 வினாடி என்று மனையாள் சொன்னதும் குறைவே; 51 வினாடி நின்ற தடையும் அதிலுண்டு. மறுமுறை சென்ற இரவில், கவசமணிவித்து, அழுத்தத்தை 4-லிருந்து படிப்படியாய் உயர்த்தினர். 10-இல் குறட்டை தணிந்தது. ஆயின் மல்லாந்து கிடக்கையிலும், தசைகள் மிகத் தளரும் கனவுறக்கத்திலும், மூச்சு மீண்டும் தடையுற்றது. 13-இல்தான் எல்லா நிலையிலும் ஓய்ந்தது.

பின்னர்க் கிடைத்த மருந்துச்சீட்டில் நோயின் அளவு, கருவியின் வகை, அழுத்தம் 13, தொடக்கத்தில் 5-லிருந்து மெல்ல உயரும் ஏற்பாடு, மூக்கையும் வாயையும் மூடும் நடுத்தர அளவுக் கவசம், ஈரமூட்டும் பாத்திரம், மீண்டும் வரவேண்டிய நாள் ஆகிய யாவும் தனித்தனி வரியாய் இருந்தன. தாமே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. சிலர்க்கு வீட்டுச் சோதனையே போதும். ஆயினும் எவர்க்கு எது என்பதை மருத்துவர் அவரவர் உறக்கத்தை அளந்தே சொல்லல் வேண்டும். இதனைக் கேட்ட அண்ணாச்சி, "அறுபதாம் நம்பர் நூலுக்கு வைத்த இழுப்பில் நாற்பதாம் நம்பர் ஓடுமா சார்? இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்" என்று வருந்தினார். பிழை அவருடையதன்று.

பழைய கருவியே 13-க்குத் திருத்தப்பட்டது. கவசம் மட்டும் புதிது. அதன் குறிப்பின்படி, மூன்று திங்களுக்குப்பின் தடைகள் மணிக்கு 3. இப்போது பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தோன்றுவதைக் கண்டே இறங்குகின்றோம். மகள் மீண்டும் எம் வண்டியில் ஏறுகின்றாள். ஆயினும் சில நாள் வரை, எம் தோளை அவள் இறுகப் பற்றியிருந்ததை யாம் உணராமலில்லை.

மாணவ நண்பர்காள்! நும் விடுதி அறையிலோ இல்லத்திலோ குறட்டை விடுவோர் இருப்பின், நகைக்குமுன் சிறிது செவிசாயுங்கள். ஒலி திடீரென நின்று, மூச்சுத் திணறி மீண்டும் எழுகின்றதா எனக் கவனியுங்கள். அவ்வாறாயின் விடிந்தபின் அவர்க்குச் சொல்லுங்கள். அவர் நம்பமாட்டார், மீண்டும் சொல்லுங்கள்.