விடியலுக்கு அரை மணி தாமதம்

பென்சில்வேனியாவின் காட்டு நகரம் ஒன்றில், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் செயின்ட் மேரிஸ் ஒரு விசித்திரமான நகரம். மக்கள் தொகை 13 ஆயிரத்தைத் தொடவில்லை. ஆனால் பரப்பளவில் மாநிலத்திலேயே பிலடெல்பியாவுக்கு அடுத்த இடம். 1990களில் சுற்றியிருந்த பகுதியை நகரத்தோடு இணைத்தபோது ஊரைவிடப் பெரிய காடு ஒன்று நகர எல்லைக்குள் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் மரங்கள்தான். மேற்கே போனால் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் விரியும் அலகேனி தேசியக் காடு.

1842ல் ஜெர்மன் கத்தோலிக்கர்கள் குடியேறி உருவாக்கிய இந்த ஊரின் இன்றைய சோறு உலோகப் பொடியில் வேகிறது. இரும்புப் பொடியை அச்சில் அழுத்தி, சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு, கார்களுக்கான பல்சக்கரங்களும் சிறு பாகங்களும் செய்கிறார்கள். அந்த உலைகளை மாலையில் அணைத்துக் காலையில் பற்றவைப்பது கட்டுப்படியாகாது. அதனால் இது மூன்று ஷிப்ட் ஊர். இரவு 11 மணிக்கு உள்ளே போய்க் காலை 7 மணிக்கு வெளியே வருகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

அவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மான் விடியலிலும் அந்தியிலும் நடமாடும் பிராணி. இரவில் மேய்ந்துவிட்டுப் பொழுது புலரும்போது புதருக்குத் திரும்பும். வெளிச்சம் மங்கும்போது மறுபடி வெளியே வரும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை மானைச் சுடலாம் என்கிறது மாநிலச் சட்டம். நவம்பர் கடைசியில் செயின்ட் மேரிஸில் சூரியன் உதிப்பது சுமார் 7.20க்கு. ஆக 6.50க்கு முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்கலாம். பகல் ஷிப்ட்காரன் லீவு போட்டுவிட்டு, இருட்டிலேயே போய்ப் பரணில் ஏறி உட்கார்ந்து அந்த நிமிடத்துக்குக் காத்திருக்கிறான். இரவு ஷிப்ட்காரன் அப்போது உலைக்கு முன்னால் நிற்கிறான். கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு வண்டியை எடுக்கும்போது மானுடைய நாளின் சிறந்த பகுதி பாதி கழிந்துவிட்டது.

வேட்டை என்றாலே வனத்துறையும் வழக்கும் நினைவுக்கு வருகிற இந்திய வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமானைத் தொட விடாது. அங்கே கதை வேறு. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் வெண்வால் மான் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. 1895ல் அமைந்த மாநில வேட்டை ஆணையம் வெளியிலிருந்து மான்களை வாங்கிவந்து விட்டது. 1907ல் பெண் மானைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்தது. ஓநாயும் மலைச் சிங்கமும் ஏற்கெனவே ஒழிந்துபோயிருந்ததால் மான் பெருகியது. அளவுக்கு மீறியே பெருகியது. இளங்கன்று ஒன்றுகூட மரமாக முடியாத அளவுக்குக் காட்டை மேய்ந்த பகுதிகள் உண்டு. இன்று மனிதன்தான் அங்கே ஓநாயின் வேலையைப் பார்க்கிறான். மாநிலவாசிக்கு லைசென்ஸ் சுமார் 21 டாலர். 2023-24 பருவத்தில் மட்டும் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் மான்கள் வேட்டையாடப்பட்டன. காட்டு மான் இறைச்சியை விற்கக்கூடாது. வீட்டில் சமைக்கலாம், தானம் தரலாம். ஒரு மானில் எலும்பு நீக்கி 20 கிலோ கறி தேறும். குளிர்காலத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது சாதாரண விஷயமல்ல.

லீவு எடுத்தால் என்ன? எடுக்கலாம், கிடைத்தால். பல ஆலைகளில் லீவு சீனியாரிட்டிப்படிதான். துப்பாக்கி சீசனின் முதல் வாரத்தை முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட பெரியவர்கள் ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு மிஞ்சுவது இரவு ஷிப்ட், லீவும் இல்லை. ஓடியாடி மலை ஏறக்கூடிய வயதில் இருப்பவனும் அவன்தான்.

அதனால் அவன் கடிகாரத்தோடு பேரம் பேசுகிறான். அவனுக்கு அரசாங்கமே ஒரு சலுகை தருகிறது, தெரியாமலே. அக்டோபர் முழுவதும் அமெரிக்கக் கடிகாரம் கோடைக் கணக்கில் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அந்த மாதக் கடைசியில் சூரிய உதயம் சுமார் 7.45. அது வில் அம்பு வேட்டையின் காலம். ஏழு மணிக்கு வெளியே வந்தவன், காடு பக்கத்திலேயே இருந்தால், சூரியன் எழுமுன் பரணில் இருக்கலாம். நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்கள். மறுநாள் உதயம் 6.45 வாக்கில். ஒரே இரவில் அவனுடைய விடியல் பறிபோகிறது. பகல் வேலைக்காரர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்ததைக் கொண்டாடும் அந்த ஞாயிறு, இரவு ஷிப்ட் வேட்டைக்காரனுக்குத் துக்க நாள்.

வாசனை இன்னொரு தொல்லை. மானின் மூக்கு மனிதனுடையதைவிடப் பல மடங்கு கூர்மை. எட்டு மணி நேரம் எண்ணெயிலும் உலைப் புகையிலும் நின்றவன் காற்றுவாக்கில் உட்கார்ந்தால் மலைச்சரிவு முழுவதற்கும் தகவல் போய்விடும். வாசனையில்லாத சோப்பில் குளித்து, மூடி போட்ட டப்பாவில் தனியாக வைத்திருந்த உடைகளை மாற்றியாக வேண்டும். துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், கம்பெனி வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. ஆக, வீட்டுக்குப் போய்த்தான் காட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் மணி எட்டு.

எட்டரைக்குக் காட்டுக்குள் நுழைகிறவனை முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் விரும்புவதில்லை. அவன் காலடிச் சத்தத்தில் அவர்களுடைய மான் ஓடும். ஆனால் பதினோரு மணிக்கு மேல் நிலைமை மாறுகிறது. விடிகாலையிலிருந்து குளிரில் உறைந்தவர்கள் சூப் குடிக்க முகாமுக்குத் திரும்புகிறார்கள். அவர்களுடைய நடமாட்டத்தில் படுத்திருந்த மான்கள் எழுந்து நகர்கின்றன. நவம்பர் நடுவில், இனச்சேர்க்கைக் காலத்தின் உச்சத்தில், ஆண் மான்கள் நடுப்பகலிலும் பெண் மான்களைத் தேடி அலையும். தாமதமாக வந்தவனுக்கு அதிர்ஷ்டம் அடிப்பது அந்த வேளையில்தான்.

அவனைப் படுத்துவது தூக்கம். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவனுடையதைப் போல மந்தமாகிறது என்று 1990களின் கடைசியிலேயே ஆய்வுகள் காட்டின. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு எழுந்தவன் காலை பதினோரு மணிக்கு அந்த எல்லையை எட்டுகிறான். கையில் துப்பாக்கி, உட்கார்ந்திருப்பது பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரத்தில் கட்டிய பரண். உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டாம். விவரமான இரவு ஷிப்ட்காரர்கள் வேலை நாளில் பரண் ஏறுவதில்லை. மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்கிறார்கள். அங்கே தூங்கினால் போவது மான் மட்டும்தான்.

இன்னொரு வழி, வந்தவுடன் படுத்து மதியம் ஒன்றரைக்கு எழுந்து அந்தி வேட்டைக்குப் போவது. பாதுகாப்புக்கு இதுவே மேல். ஆனால் இதில் ஒளிந்திருக்கும் முள் வேறு.

நவம்பர் கடைசியில் சூரியன் மறைவது 4.45 வாக்கில். வெளிச்சத்தின் கடைசி நிமிடங்களில்தான் பெரிய ஆண் மான் வெளியே வரும். சுட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் பட்டிருந்தால் அதிக தூரம் ஓடாது. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பனியில் இழுத்துவந்து வண்டியில் ஏற்றி, கறி வெட்டித் தரும் கடையில் வரிசையில் நின்று ஒப்படைத்து, குளித்துவிட்டு 11 மணிக்கு வேலைக்குப் போகலாம். தூக்கம் போகும், மற்றது நடக்கும். குண்டோ அம்போ பின்னால் தள்ளி வயிற்றில் பட்டிருந்தால்? உடனே துரத்தக்கூடாது என்பது அனுபவஸ்தர்கள் விதி. துரத்தினால் மான் மைல் கணக்கில் ஓடும், ரத்தத் தடம் அறுந்துபோகும். ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் விட்டுவைத்துத் தேட வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து அவன் ஆலைக்குள் இருப்பான். வேலைக்குப் போகாவிட்டால் வருகைப் பதிவில் ஒரு கரும்புள்ளி. போய்விட்டால் காட்டில் ஒரு பிராணி அடிபட்டுக் கிடக்கிறது, கறியும் கெடுகிறது. இரவு ஷிப்ட் நாளில் மாலை நாலரைக்கு மேல் விசையைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொள்கிறவனை, கோழை என்று கேலி செய்யும் நண்பர்கள் பகல் ஷிப்ட்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

வேலை நேரத்துக்கும் வேட்டைக்கும் உள்ள இந்த இழுபறி மாநில அரசியலையே ஒரு ஆட்டு ஆட்டியது. 1963லிருந்து துப்பாக்கி சீசன் தொடங்கியது தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்களன்று. கிராமப்புறப் பள்ளிகள் அன்று விடுமுறை விட்டன. சில ஆலைகள் கதவைச் சாத்தின. 1980களின் தொடக்கத்தில் 12 லட்சத்துக்கு மேல் இருந்த வேட்டைக்காரர்கள் ஒன்பது லட்சத்துக்கும் கீழே இறங்கியதும் ஆணையம் விழித்துக்கொண்டது. 2019ல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு வசதி என்பது வாதம். ஞாயிறு முழுவதும் வண்டியோட்டி வந்து காட்டு முகாம்களில் தங்கிப் பழகியவர்கள் கொதித்தார்கள். அவர்களை நம்பியிருந்த கடைக்காரர்களும்தான்.

1873லிருந்து இருந்துவந்த ஞாயிறு வேட்டைத் தடையும் அதே 2019ல் மூன்று ஞாயிறுகளுக்குத் தளர்ந்து, 2025ல் கவர்னர் ஜாஷ் ஷாப்பிரோ கையெழுத்திட்ட சட்டத்தால் அடியோடு நீங்கியது. வாரக் கடைசி உள்ளவர்களுக்கு நல்ல செய்தி. ஏழு நாளும் உலை எரியும் ஆலையில் சுழற்சி ஷிப்ட் பார்ப்பவனுக்குச் சனியும் திங்களும் ஒன்றுதான். ஆனாலும் அட்டவணைப்படி அவனுக்குக் கிடைக்கிற ஓய்வு நாள் ஞாயிறாக அமைந்தால், அது இனி வீணாகாது.

அவனுக்கென்றே அமைந்தது போன்ற ஒரு சீசன் டிசம்பர் 26ல் பிறக்கிறது. சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். ஈரம் பட்டால் சுடவே சுடாது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பல ஆலைகள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். பெரியவர்கள் முகாம்களைப் பூட்டிவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். பனி விழுந்த காட்டில் மான் எந்த நேரத்தில் நடந்தாலும் தடம் அப்படியே இருக்கும்; பத்து மணிக்கு எழுந்து போய்ப் பின்தொடரலாம்.