சிறு பணியும் இறைபணியே

பலன் காணாத உழைப்பிற்குப் பொருள் உண்டோ என்று மனம் சோரும்போதெல்லாம், பிரான்சு நாட்டின் லிசியே நகரில் கார்மேல் மடத்துத் துறவியாய் வாழ்ந்த புனித குழந்தை தெரேசாவை நினைத்துக்கொள்வேன். நோயுற்று, எளிதில் சினங்கொள்ளும் முதிய அருட்சகோதரி ஒருவரை மாலைதோறும் உணவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வது அவர் முன்வந்து ஏற்ற பணி. அம்மூதாட்டி ரொட்டியை நறுக்க இயலாமல் வருந்துவதைக் கண்டு, கேளாமலே நறுக்கிக் கொடுத்து, புன்னகை புரிந்து விடைபெறுவார். 1897ஆம் ஆண்டு, தமது 24ஆம் வயதில் மறைந்த அவரை 1997இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது.

பக்கவாதத்தில் வீழ்ந்த என் மாமியாருக்கு நாள்தோறும் கஞ்சி ஊட்டுகிறேன். என்னை இன்னாரென்று அவர் அறியார். குணமடைவார் என்று மருத்துவரும் கூறவில்லை. ஆயினும், எளியோர்க்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவர் அறிவார். அந்த நம்பிக்கையோடு நாளையும் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் ஏந்துவேன்.