சும்மா விட்ட கிழங்கு

யேனா நகரத்தில் லோபேடா என்கிற பகுதியில் பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனிக் காலத்துச் சிமெண்ட் அடுக்கு வீடுகள்தான். அதில் ஒன்றின் ஆறாம் மாடியில், ஒரு நவம்பர் மாலை, என் அறைக் கூரையில் இருந்த புகை மணி அலற ஆரம்பித்தது. நாற்காலியில் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் கண்ணாடி வில்லைகளை மெருகேற்றி ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. அவர் மணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அடுப்புக்குப் போனார்.

சட்டியில் நான்கு சாசேஜ்கள் தோல் வெடித்துக் கிடந்தன. சுற்றிலும் உருளைக்கிழங்கு, பாதி கரி, பாதி பச்சை, பாதி மசியல். மூன்று பாதி எப்படி என்று கேட்கக்கூடாது. சட்டி அப்படித்தான் இருந்தது.

“இவ்வளவு அவசரம் யாருக்கு?” என்றார்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு இரும்புச் சட்டி. பழம்பொருள் சந்தையில் வாங்கியது, 28 சென்டிமீட்டர் அகலம், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ஒரே சட்டியில் இரவுச் சாப்பாடு என்றால் கழுவவேண்டியதும் ஒன்றுதான். தனியாக இருக்கிற ஆணுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அதனால் கிழங்கு, வெங்காயம், சாசேஜ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தீயைக் கூட்டி வைத்து, ஊரில் பழகிய கையால் கிளறு கிளறு என்று கிளறியிருந்தேன்.

எனக்குக் கிழங்கு தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அப்பா கிழங்கு மண்டியில் கணக்கெழுதினார். ஊட்டிக் கிழங்கு, கோலார்க் கிழங்கு, குஜராத் கிழங்கு என்று லாரி லாரியாக வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். மண் ஒட்டியிருக்கிற விதத்தை வைத்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடு ஜெர்மன் கடைக்குப் போனால், அங்கே பையின்மேல் எந்த ஊர் என்பதைவிடப் பெரிதாக, வேகவைத்தால் கிழங்கு என்ன ஆகும் என்று எழுதியிருந்தது. பச்சைப் பட்டை போட்டது வெந்தாலும் உடையாது. நீலப் பட்டை மாவாகக் குழையும். சிவப்பு இரண்டுக்கும் நடுவில். நான் வாங்கியது நீலம். விலை மலிவு.

அந்த அம்மா பையைப் பார்த்தார். பிறகு என் ஃபிரிட்ஜைத் திறந்து, மீதிக் கிழங்கு உள்ளே இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சர்க்கரை ஏறிய கிழங்கு சட்டியில் போட்டதும் வெளியே கருகிவிடும், உள்ளே வேகாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ‘கோல்டு ஸ்டோரேஜ் கிழங்கு இனிக்குமப்பா’ என்று மண்டியில் பேசிக்கொள்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

மறுநாள் பச்சைப் பட்டைப் பையோடு வந்தார். ‘சீ’ போட்டுத்தான் பேசுவார். ஜெர்மன் மொழியில் மரியாதையான ‘நீங்கள்’ அது. ஒரு பெரிய மனுஷி நிமிடத்துக்கு நாலு தடவை ‘சீ, சீ’ என்று சொல்ல, அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளத் தமிழ்க் காதுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

சட்டியில் முதலில் நெய். ஆமாம், நெய்தான். பூட்டர்ஷ்மால்ட்ஸ் என்ற பெயரில் டப்பாவில் விற்கிறார்கள். வெண்ணெய்போல எளிதில் கருகாது என்பதால் பொரிக்க அதைத்தான் எடுப்பார்கள். தீ மிதமாக. நான்கு பச்சை சாசேஜ்களை அதில் படுக்க வைத்தார். நான் முள்கரண்டியால் குத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். குத்தினால் உள்ளே இருக்கிற சாறெல்லாம் சட்டிக்குப் போய்விடும், தீ அதிகமானால் தோல் தானாகவே வெடிக்கும், இரண்டும் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேலாக மெல்ல உருட்டி உருட்டி, எல்லாப் பக்கமும் தேன் நிறம் வந்ததும் எடுத்துத் தட்டில் வைத்து மூடினார். சட்டியில் நெய்யோடு இறைச்சிக் கொழுப்பும் அடியில் ஒட்டிய பழுப்பும் மிச்சம். இனி வருவதற்கெல்லாம் ருசி அதிலிருந்துதான்.

பிறகு கிழங்கு. 600 கிராம், தோல் சீவி, அரைச் சென்டிமீட்டர் கனத்தில் வட்ட வில்லைகள். ஆயுள் முழுக்கக் கண்ணாடி வில்லையோடு இருந்தவருக்குக் கிழங்கு வில்லை ஒரு பொருட்டா? ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி விழுந்தது. கழுவி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, எட்டு நிமிடம் மூடி போட்டார். மூடியைத் திறந்ததும் என் கை தன்னால் கரண்டிக்குப் போனது. அவர் கரண்டியை வாங்கித் தன் ஏப்ரன் பையில் செருகிக்கொண்டார்.

“சும்மா விடுங்கள் அதை.”

அந்த ஐந்து நிமிடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கைக்கு வேலை இல்லை. முதலில் கொசகொசவென்று ஈரச் சத்தம். நீர் வற்ற வற்ற அது சன்னமாகி, கடைசியில் சடசடவென்று உலர்ந்த சத்தமானது. அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் கொடுத்திருந்தார். பிறகு பிடியைப் பற்றி ஒரு குலுக்கு. அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த வில்லைகள் தானாகக் கழன்று வழுக்கின. திருப்பினால் அடிப்பக்கம் முறுகலான தோசை நிறம்.

காரணம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதுதான். பிரெஞ்சுக்காரர் லூயி காமில் மையார் 1912-இல் விவரித்த வினை அது: புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பும் மணமும் ஆகின்றன. சட்டியில் அது மளமளவென்று நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். கிழங்கின் மேல் ஈரம் இருக்கிற வரை சூடு 100-ஐத் தாண்டாது. கிளறுகிற ஒவ்வொரு தடவையும் ஈரமான பக்கத்தைக் கீழே கொண்டுவந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

வெங்காயம் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் வெங்காயம் வதங்காமல் ஒரு சமையலும் தொடங்காது. இங்கே அது பாதியில் வருகிற விருந்தாளி. முதலிலேயே போட்டால் கிழங்கு வேகுமுன் கருகிவிடுமாம். சட்டிதான் ஒன்று, உள்ளே போகிற ஒவ்வொன்றுக்கும் தனி முகூர்த்தம்.

அதன்பின் என் அலமாரியில் எதையோ தேடினார். அங்கே ஒரு பை, நான் மறக்க நினைத்த பை, இருந்தது. வந்த முதல் வாரம் சீரகம் என்று நினைத்து வாங்கியது. க்யூம்மெல் என்று எழுதியிருந்தது, பார்வைக்கும் சீரகம்தான். ரசத்தில் போட்டேன். அந்த ரசத்தை என்னவென்று சொல்ல? இருமல் மருந்தில் புளி கரைத்த மாதிரி இருந்தது. நம் சீரகத்துக்கு அங்கே க்ரொய்ட்ஸ்க்யூம்மெல் என்று பெயர். முன்னொட்டு இல்லாத க்யூம்மெல் வேறு விதை. அந்த அம்மாவுக்குப் பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சிட்டிகை கிழங்கின்மேல் தூவினார். ரசத்தைக் கெடுத்த அதே விதை, நெய்யில் பொரிந்த கிழங்கோடு சேர்ந்ததும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாகத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கிப் போட்டார். அந்த வாசனை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ முகர்ந்திருக்கிறேன். சமையலறையில் இல்லை. மேட்டுப்பாளையம் பூக்கடை, ஈர வாழைநார், கதம்பம். மரு! மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவில் பச்சையாக வைத்துக் கட்டுவார்களே, அதே மருதான். இவர்கள் மயோரான் என்கிறார்கள். கிழங்கில் மட்டுமா, சாசேஜுக்குள்ளேயே அரைத்துச் சேர்க்கிறார்கள். நெய் இருந்தது, கிழங்கு இருந்தது, கூந்தலில் வைக்கிற மருவும் இருந்தது. அந்தச் சட்டியில் ஊருக்குப் புதிதாக இருந்தது என் கைதான்.

சாசேஜைத் திரும்ப வைத்து, உப்புப் போட்டு, பக்கத்தில் கடுகு விழுதும் வெள்ளரி ஊறுகாயும். கெட்சப் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

யேனா இருக்கிற தூரிங்கியா மாநிலத்துக்காரர்களுக்கு இந்த சாசேஜ் விளையாட்டுக் காரியம் கிடையாது. அதே மாநிலத்து ஆர்ன்ஸ்டாட் ஊரின் கன்னிமடக் கணக்கில், 1404-ஆம் ஆண்டு, பிராட்வூர்ஸ்ட், அதாவது இந்த சாசேஜ், செய்யக் குடல் வாங்கியதற்கு ஒரு குரோஷென் காசு செலவு என்று எழுதியிருக்கிறது. அதைத் தங்கள் சாசேஜின் பிறப்புச் சான்றிதழாகக் கொண்டாடுகிறார்கள். மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகனான எனக்கு, ஒரு பலகாரத்தின் வரலாறு செலவுக் கணக்கில் தொடங்குவது ரொம்பப் பிடித்துப்போனது. அசல் தூரிங்கியா சாசேஜ் கரி நெருப்பில்தான் வாட்டப்பட வேண்டும். சட்டியில் போடுவது மாடி வீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் செய்துகொள்கிற சமாதானம் என்று அந்த அம்மாவே ஒப்புக்கொண்டார். ‘பிராட்’ என்றால் பொரிப்பது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இல்லையாம், பழைய ஜெர்மனில் கொத்திய சதைக்கு வழங்கிய சொல்லாம்.

உருளைக்கிழங்கு மிகவும் பின்னால் வந்தது. பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் 1756-இல் கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணையே போட்டார். போட்ஸ்டாமில் அவருடைய கல்லறைமேல் இன்றும் சனங்கள் பூவோடு கிழங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நீலப் பட்டையா பச்சைப் பட்டையா என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றியது.

வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த அம்மா வீட்டில் சாப்பிடுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “கீழ்வீட்டுக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடப் போகிறார்கள்” என்று ஒரு சொல்லைச் சொன்னார்: பிராட்கார்டோஃபல்ஃபெர்ஹெல்ட்னிஸ். ‘பொரித்த கிழங்கு உறவு’. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் சாப்பாடும் வீடும் பகிர்ந்துகொள்வதற்கு, உலகப் போர்க் காலங்களில் பரவிய சொல். சொல்லிவிட்டுத் தன் வயதையும் என் வயதையும் கூட்டி, நூறுதான் வருகிறது என்று மறுபடி சிரித்தார்.

ஊரில் இருக்கிற என் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் ஒருமுறை சட்டியைக் காட்டினேன். “என்ன கண்ணு அது, பூரிக்கட்டையாட்டம்?” என்றாள். சாசேஜ் என்றேன். என்ன கறி என்று கேட்டாள். தொடர்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது செய்துகாட்டினேன். சனிக்கிழமை ஆகாது என்று ஞாயிற்றுக்கிழமை. கோவையில் வாங்கிய கோழி சாசேஜ், ஊட்டிக் கிழங்கு, அம்மாவின் தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் குழிவான இரும்பு வாணலி. பூக்காரம்மாவிடம் வாங்கிய கதம்பத்திலிருந்து இரண்டு கொத்து மருவை உருவினேன். “பூவப் போயி சட்டீல போடறயா?” என்று அம்மா பதறினாள். வில்லைகளைப் பரப்பி, மூடி போட்டு, திறந்து, கை கட்டி நின்றேன். அவள் கை கரண்டிக்குப் போனது. வாங்கி என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

“கிளறக்கூடாதும்மா. சத்தத்தக் கேளு.”

ஒரு நிமிடம் கேட்டாள். “சத்தம் இருக்கட்டும். அடி புடிக்குது, மூக்கு இல்லயா உனக்கு?”

அடிபிடித்துத்தான் இருந்தது. கேஸ் தீயின் நடு வட்டம் அந்த ஊர் மின்சார அடுப்பைப்போலப் பரவி எரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஓரத்து வில்லைகளை எனக்குத் தட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததைத் தோசைத்திருப்பியால் சுரண்டி, தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு அவள் சாப்பிட்டாள். சாசேஜைத் தொடவில்லை. மருவை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.