துணை இல்லாமல் 4,400 கிலோமீட்டர்!

கனடாவில் பான்ஃப் என்று ஒரு சின்ன மலை ஊர். சுற்றிலும் ராக்கி மலைச் சிகரங்கள். ஜூன் மாதத்திலும் உச்சியில் பனி போர்த்தியிருக்கும். அந்த மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை இங்கிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் கிளம்புகிறது. 'டூர் டிவைட்' என்று பெயர். 2008-ல் ஆரம்பித்த பந்தயம். போய்ச் சேர வேண்டிய இடம் அமெரிக்காவின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய ஆன்டிலோப் வெல்ஸ். நடுவில் சுமார் 4,400 கிலோமீட்டர்! பெரும்பாலும் மண்ணும் சரளையுமான மலைப் பாதை. பரிசுப் பணமும் கிடையாது.

மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் நானும் பார்க்கப் போனேன்.

"பின்னாடி சாப்பாட்டு வண்டி வருமா?" என்று மகளைக் கேட்டேன்.

"வராதும்மா. கடையில வாங்கலாம், ஓட்டல்ல தங்கலாம். எல்லாருக்கும் கிடைக்கறது மட்டும்தான். பெத்த அம்மாவே வழியில போய் நின்னு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கக் கூடாது!"

எனக்குத் திக்கென்றது.

ஒரு பெண்ணின் சைக்கிளைப் பார்த்தேன். படுக்க ஒரு உறைப்படுக்கை, மழைக் கோட்டு, டியூப், பங்க்சர் சாமான், ஓடைத் தண்ணீரை வடிகட்ட ஒரு சின்னக் கருவி, கரடி வந்தால் அடிக்க மிளகாய்க் காரம் அடைத்த ஸ்பிரே. அவ்வளவுதான். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும்போது நாம் எடுக்கிற பைகூட அதைவிடப் பெரிசு!

இவர்கள் போகிற மலைத்தொடரின் ஒரு பக்கம் விழும் மழை பசிபிக் கடலுக்கும், மறுபக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கமும் போகிறது. வயோமிங்கில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு; அங்கே பெய்கிற தண்ணீர் எந்தக் கடலுக்குமே போவதில்லை. நிழலும் கிடையாது. கொலராடோவின் இண்டியானா கணவாயோ சுமார் 3,630 மீட்டர் உயரம். காற்று மெலிந்து மூச்சு வாங்கும்.

2015-ல் அலாஸ்காவைச் சேர்ந்த லேயல் வில்காக்ஸ், தன் ஊரிலிருந்து பான்ஃபுக்கே சைக்கிளில்தான் வந்தார்! பந்தய வழியில் மூச்சுக்குழாயில் தொற்று. ஹெலனா நகரில் மருத்துவமனைக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். அது விதிமீறல் இல்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவுதானே? 17 நாளில் முடித்தார். அதோடு விட்டாரா? அதே கோடையில் மறுபடி தனியாக வந்து, 15 நாள் 10 மணி 59 நிமிஷத்தில் முடித்தார். பெண்களில் அதுவரை யாரும் தொடாத வேகம்!

சைக்கிளில் பொருத்திய கருவி, அவர்கள் இருக்கும் இடத்தை இன்டர்நெட் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. பெரும்பாலான கருவிகளில் ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. வழியனுப்ப வந்திருந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "புள்ளி நின்றுவிட்டால் வயிறு பிசையும். தூங்குகிறாளா, பங்க்சர் ஒட்டுகிறாளா? புள்ளி சொல்லாது. ஆனாலும் நான் போகக் கூடாது."

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! ஓடிப் போய் உதவுவது நமக்குக் கைவந்த கலை. உதவாமல் நின்று பார்ப்பதுதான் கஷ்டம். நாலு வயசுக் குழந்தை தானே சட்டைப் பித்தானைப் போடட்டும் என்று ஐந்து நிமிஷம் சும்மா இருக்க முடிகிறதா நம்மால்? அந்தத் தாய்க்கு அது இரண்டு, மூன்று வாரம்!