சாமை மாவில் பீட்சா

பிப்ரவரி 8, 2025, சனி

தம்பி போன் செய்தான். அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்கள். அவன் மகள் பாப்பாவுக்கு சீலியாக் நோய் என்று உறுதியான பிறகு அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. பாலும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ், சிறுகுடல் உறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. இந்த நோயில் முதலில் அடிபடுவதும் அந்த நுனிதான். குடல் ஆறிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பவும் பால் குடிக்கலாம்.

பாப்பா போனைப் பிடுங்கி, "அத்தை, நான் சாப்பிடற மாதிரி பீட்சா செய்வீங்களா?" என்று கேட்டாள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி, வெளிநாட்டுக்காரர்களுக்காக நடக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கலாம். ஆனால் மைதா பறக்கிற அடுப்படியில் செய்தது அவளுக்கு ஆகாது. வீட்டில்தான் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா கேட்கிறாள்: "ஒரு துண்டு தின்னா இன்னா ஆயிடும்? நாமெல்லாம் தின்னு வளரலியா?"

அம்மாவுக்கு நெதர்லாந்துக் கதையைச் சொன்னேன். 1944-45 குளிர்காலம், போர்ப் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி. அப்போது சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி வயிற்றுப்போக்கு. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று சோதித்து 1950-ல் ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன்னால் எத்தனை தாய்மார் காரணம் தெரியாமலே பிள்ளையைப் பறிகொடுத்தார்களோ. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் பெருங்காய டப்பாவைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். கூட்டுப் பெருங்காயம், சேர்மானத்தில் கோதுமை மாவு. பல கம்பெனிகளின் பெருங்காயத்திலும் இப்படித்தான். அரிசிச் சோறுதானே என்று நம்பிக் கொடுக்கும் புளியோதரையில்கூட இது இருக்கலாம். கோயில் பிரசாதத்துக்குக் கை நீட்டும் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 10, திங்கள்

மாவு மில்லுக்குப் போகப்போவதில்லை. எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருப்பார்; கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும் அந்த மாவு என் மாவில்தான் விழும். அவளுக்கு ஆகாத கோதுமைப் புரதமான குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் கலந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

அதனால் எல்லாம் வீட்டுக் கிரைண்டரில். ஜவ்வாது மலைச் சாமை வாங்கினேன், மூட்டையில் அள்ளியது வேண்டாம் என்று கட்டிய பாக்கெட்டாக. வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பார்த்தேன். சப்பாத்திக் கட்டை, சல்லடை, மரக்கரண்டி எல்லாம் பரண் மேலே போயாயிற்று. மரத்தில் ஏறிய மாவு கழுவினாலும் முழுசாகப் போகாது.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், தெருவில் வண்டி எடுக்க முடியவில்லை. நாள் முழுக்க அடுப்படிதான்.

கோதுமை மாவு உப்புவதற்குக் காரணம் குளூட்டன். பிசையும்போது வலைபோல் பின்னி, காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. நம் இட்லி குளூட்டன் இல்லாமலே உப்புகிறதே! அங்கே அந்த வேலையைச் செய்வது உளுந்து. அதன் வழுவழுப்பும் புரதமும் சேர்ந்து புளிக்கும்போது வரும் காற்றைக் கட்டிவைக்கின்றன. கடைகளில் விற்கும் குளூட்டன் இல்லாத பீட்சா மாவு வகைகளில் பலவற்றில் ஏதோ ஒரு பசை சேர்க்கிறார்கள். உளுந்து இருக்க, அதெல்லாம் எதற்கு?

சாமை ஒரு டம்ளர், பச்சரிசி அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர். கெட்டியாக அரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்திருந்தேன். காலையில் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து மூன்று ஸ்பூன், மருந்துக்கடை இசப்கோல் இரண்டு ஸ்பூன், உப்பு, கொஞ்சம் செக்கு கடலை எண்ணெய். கால் மணி நேரத்தில் இசப்கோல் நீரை இழுத்து, ஊற்றுகிற மாவு தட்டுகிற மாவாகிவிட்டது. கையை நனைத்துத் தட்டினால் ஒட்டவில்லை.

பிடியில்லாத இரும்பு தோசைக்கல்லை ஓவனுக்குள்ளேயே வைத்து, 230 டிகிரியில் அரை மணி காயவிட்டேன். மாவை எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் தட்டி, பேப்பரோடு கல்லின் மேல் இழுத்துவிட்டேன். முதலில் வெறும் மாவாகவே பன்னிரண்டு நிமிடம் வேகவேண்டும்; தக்காளியை முதலிலேயே தடவினால் நடுவில் களியாகிவிடும். அடி சிவந்து, தட்டினால் டொக்கென்று கேட்டது. விளிம்பைப் பிட்டுப் பார்த்தேன், உள்ளே சின்னச் சின்னக் கண்கள். அம்மா வெறும் மாவையே இரண்டு துண்டு தின்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

சீஸ். பண்ருட்டி முந்திரி ஒரு டம்ளர் ஊறவைத்து, தண்ணீருக்குப் பதில் பழைய சோற்று நீராகாரம் விட்டு அரைத்து, மூடி வைத்தேன். சாயங்காலத்துக்குள் லேசான புளிப்பு. பூண்டு, உப்பு, ஜவ்வரிசிப் பொடி மூன்று ஸ்பூன் சேர்த்துக் கிளறக் கிளறப் பளபளவென்று திரண்டு, கரண்டியோடு நூலாக வந்தது. மொசரெல்லாவின் இழுவைக்குக் காரணம் பாலில் உள்ள கேசின். இங்கே ஜவ்வரிசியில் உள்ள மரவள்ளி மாவு ஓரளவு ஈடு கொடுக்கிறது. மொசரெல்லா என்று சொல்லிக் கொடுக்க மாட்டேன். இதற்கென்று நல்ல ருசி இருக்கிறது.

சீஸே இல்லாவிட்டாலும் குறையில்லை. நேப்பிள்ஸின் பழைய மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். ஓரிகானோவுக்குத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி போதும். இரண்டின் மணத்துக்கும் முக்கியக் காரணம் கார்வக்ரால் என்ற ஒரே பொருள். காரமான இலை, ஒரு பீட்சாவுக்கு இரண்டு போதும்.

பிப்ரவரி 15, சனி

மத்தியானம் வந்தார்கள். பாப்பா வாசலிலேயே, "இதுல கோதுமை இல்லியே? பால்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பத்து வயசுப் பிள்ளை. மனசு கலங்கியது, ஆனால் கேட்கத்தான் வேண்டும். எங்கே போனாலும் கேட்கட்டும். பாக்கெட், டப்பா எல்லாவற்றையும் அவளிடமே காட்டினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள்.

எல்லோருக்கும் ஒரே பீட்சா. அவளுக்கென்று தனித் தட்டு வைக்கவில்லை. அவள் மூன்று துண்டு சாப்பிட்டாள். சீஸ் நூலாக இழுபடுவதை அப்பாவிடம் காட்டினாள். தம்பி எதுவும் பேசாமல் சாப்பிட்டான்.

பள்ளித் தோழியின் பிறந்தநாள் வருகிறதாம், அங்கே பீட்சாதானாம். தம்பி மனைவிக்கு அளவெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பாதி வெந்த மாவு நான்கைக் கட்டி வைத்திருக்கிறேன், ஃப்ரீசரில் கெடாது. விருந்துக்கு முன்னால் வீட்டிலேயே சுட்டு, மூடிய டப்பாவில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அங்கே சூடாக்கினால் அலுமினியத் தாளில் சுற்றித்தான்.