ஒளிக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி

தண்ணீரால் குளிரும் கணினியைக் கட்டுகிறவர்கள் அதிகம் பேசுவது குழாய் வளைப்பதைப் பற்றி. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அந்த ஆர்வம் இயல்பு. வயரிங் கடைசி நாள் வேலையாக ஒதுங்கிவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. காற்றால் மட்டும் குளிரும் கணினியில் தப்பாகச் செருகிய கனெக்டரைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இங்கே மேல் ரேடியேட்டருக்கும் கேபினெட்டின் கூரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஃபேனின் வயரைத் தொட வேண்டுமானால் பல நேரம் குழாயைக் கழற்ற வேண்டும். அதற்குக் கூலண்டை வடிக்க வேண்டும். எனவே எந்த வயர் எங்கே போகிறது என்பது முதல் குழாயைச் சூடுகாட்டி வளைப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். அந்த முடிவில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: விளக்கும் ஃபேனும் ஒரே ஹப்பின் தயவில் இருக்கக் கூடாது.

காரணம், இரண்டும் பழுதாகும் விதம் வேறு. நான்கு பின் உள்ள ஃபேன் கனெக்டரில் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது சுழற்சி வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர், நான்காவது வேகத்தைக் கட்டளையிடும் பிடபிள்யூஎம் வயர். இன்டெல் வகுத்த விதிப்படி கட்டளை 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாக வருகிறது. அது வராமல் போனால் ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதாவது கட்டளை வயர் அறுந்தால் கணினி இரைச்சல் போடும், ஆனால் சூடேறாது. இதை யோசித்து வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். விளக்கின் கதை நேர் எதிர். டபிள்யூஎஸ்2812 வகை எல்இடிகளில் ஒவ்வொன்றும் தனக்கு வந்த முதல் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைவதுபோல, நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை இருண்டுபோகும், அல்லது கடைசியாகக் கேட்ட நிறத்திலேயே உறைந்து நிற்கும். விளக்கில் இது வெறும் அழகுக் குறை. ஆனால் இரண்டையும் ஒரே கன்ட்ரோலருக்குள் நுழைத்து, அதற்கு யூஎஸ்பி வழியாக ஒரு மென்பொருள் கட்டளையிடும்படி வைத்தால், அந்த மென்பொருள் தொங்கிப்போகும்போது ஃபேன் முழு வேகம் போகுமா, பழைய வேகத்திலேயே நிற்குமா என்பதை இன்டெல்லின் விதி தீர்மானிப்பதில்லை. ஹப்பைச் செய்தவரின் விருப்பம் தீர்மானிக்கிறது. நல்ல ஏற்பாடு ஒன்றை நாமே கழற்றி வைத்துவிட்டு வசதிக்காக வேறொன்றை நம்புகிறோம்.

மின்சாரக் கணக்கும் பிரித்து வைக்கத்தான் சொல்கிறது. மதர்போர்டின் சாதாரண ஃபேன் ஹெடர் பெரும்பாலும் ஒரு ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்கு ஆறு ஃபேன். ஒவ்வொன்றும் கால் ஆம்பியர் இழுத்தாலே ஒன்றரை ஆகிவிடுகிறது, அதுவும் புறப்படும்போது இழுப்பதைச் சேர்க்காமல். எனவே மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா வயரிலிருந்தும் கட்டளையை மட்டும் மதர்போர்டிலிருந்தும் எடுக்கும் எளிய ஸ்ப்ளிட்டர்தான் சரி. அதில் மூளை எதுவும் கிடையாது, அதுவே அதன் சிறப்பு. ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே மதர்போர்டுக்குத் தெரியும் என்பது அதன் குறை. ரேடியேட்டருக்கு ஒரு ஹெடர் என்று பிரித்துக்கொண்டால் அந்தக் குறை பாதியாகும். விளக்குக்கு வேறு கணக்கு. 5 வோல்ட் ஏஆர்ஜிபி ஹெடர் வழக்கமாக 3 ஆம்பியர். ஒரு எல்இடி முழு வெள்ளையில் எரிந்தால் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர். ஒரு ஃபேனில் 20 எல்இடி இருந்தால் 1.2 ஆம்பியர். மூன்றாவது ஃபேனிலேயே வரம்பு தாண்டிவிடும். வானவில் ஓடும்போது இவ்வளவு இழுக்காது என்பதால்தான் பலருக்கும் இது தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளையில் வைத்துப் பாருங்கள்: வரிசையின் கடைசி ஃபேன் மஞ்சளாகவோ சிவப்பு கலந்தோ தெரிந்தால் அங்கே வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் நீலமும் பச்சையும் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் கேட்பவை. 12 வோல்ட் ஆர்ஜிபி ஹெடரில் 5 வோல்ட் விளக்கைச் செருகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. மலிவான அடாப்டர்களில் தடுப்பு முனை இல்லாததால் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விளக்கையும் ஃபேனையும் பிரித்து வைப்பதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது: இன்றைய பிராசஸர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், வெப்பம் எல்லை மீறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு ஃபேன் நின்றால்தான் என்ன? பிராசஸர் அளவில் இது உண்மை. ஆனால் அதற்குத் தன் சூடு தெரியும், தண்ணீரின் சூடு தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். 400 வாட் தள்ளும் கணினியில், காற்று வெப்பத்தை எடுக்காவிட்டால், ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒரு டிகிரி ஏறும்; உலோகம் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நடப்பில் இன்னும் மெதுவாக. கிராபிக்ஸ் கார்டின் சிப் நல்ல வாட்டர் பிளாக்கில் தண்ணீரைவிடப் பத்து, இருபது டிகிரிதான் மேலே நிற்கும். அது தன் எல்லையைத் தொட்டு வேகம் குறைப்பதற்குள் தண்ணீர் 65 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பம்ப்புகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 60 டிகிரி. பெட்ஜி குழாயும் அந்தப் பக்கம் போகப்போக இளகத் தொடங்குகிறது. ஃபிட்டிங்கின் ரப்பர் வளையம் பிடித்திருப்பது அந்தக் குழாயைத்தான். சிப் பிழைத்துக்கொண்டு மதர்போர்டு நனைவது சாத்தியமான முடிவு. இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பிராசஸரின் வெப்பம் ஒரு நொடியில் இருபது டிகிரி குதிக்கும், தண்ணீர் அசையாது. ஃபேன் வேகத்தைப் பிராசஸரோடு கட்டினால் காரணமில்லாமல் ஏறி இறங்கி எரிச்சலூட்டும். கூலண்டில் ஒரு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் வைத்து, அதன் அளவைப் பயாஸிலேயே ஃபேனோடு கட்டுவதுதான் ஒழுங்கு. அந்தத் தெர்மிஸ்டரைச் செருகும் இரண்டு பின் ஹெடர் உள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை விளக்கு ஹெடர் என்று எண்ணுவதைவிட முக்கியம்.

அடுத்த மறுப்பு ஒழுங்கைப் பற்றியது. ஃபேனோடு ஃபேன் ஒட்டிக்கொண்டு ஒரே வயரில் விளக்கும் காற்றும் போகும் வகைகள் 2020க்குப் பிறகு பரவலாகிவிட்டன. வயர் குறைந்தால் தப்பும் குறையும் என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆறு ஃபேனுக்குப் பன்னிரண்டு வயரை மதர்போர்டின் பின்புறத்தில் மடித்துக் கட்டியவர் யாரும் இதை ஏளனம் செய்ய மாட்டார். ஒட்டும் ஃபேனிலும் சில வகைகள் முனையில் விளக்கு வயரையும் நான்கு பின் வயரையும் தனித்தனியாகப் பிரித்துத் தருகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. எனக்கு ஒவ்வாதது, கணினி இயங்குதளம் ஏறி ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுந்த பிறகுதான் ஃபேன் சொன்னபடி கேட்கும் என்ற ஏற்பாடு. விளக்குக்கு அந்த ஏற்பாடு தாராளமாக இருக்கட்டும். விண்டோஸ் 11இல் 2023 முதல் விளக்கைக் கட்டுப்படுத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஓப்பன்ஆர்ஜிபி என்ற திறமூல மென்பொருளும் உண்டு. எது வேண்டுமானாலும் தொங்கட்டும், காற்று நிற்காது. பம்ப்போ எல்லாவற்றையும்விடக் கறாராக நடத்த வேண்டியது: டி5 போன்ற பம்ப்பின் மின்சாரம் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, வேகம் சொல்லும் வயர் சிபியூ ஃபேன் ஹெடருக்கு. அந்த ஹெடரில் துடிப்பு வரவில்லை என்றால் பல மதர்போர்டுகள் தொடக்கத்திலேயே எச்சரித்து நிறுத்திவிடும்.

ஹப் எங்கே உட்காருகிறது என்பதும் இதில் அடக்கம். வடிகால் வால்வுக்கும் ரிசர்வாயருக்கும் கீழே இடம் காலியாகத்தான் இருக்கும், கை அங்கேதான் போகும். வைக்கக் கூடாது. மதர்போர்டு தட்டின் பின்பக்கம், உயரத்தில், எந்த ஃபிட்டிங்குக்கும் நேர் கீழே இல்லாத இடம்தான் அதற்கு. கனெக்டருக்குள் நுழையும் முன் வயர் சற்றே கீழிறங்கி மேலேறும்படி விட்டால், வயரோடு வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழாய் போடுவதற்கு முன், பம்ப்பைத் துண்டித்து வைத்து, விளக்கையும் ஃபேனையும் சில நொடி உலர்ந்த நிலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பிராசஸரின் மேல் தண்ணீர் இல்லாததால் பயாஸ் வரைக்கும் போதும். பம்ப்பை மட்டும் உலர்ந்து ஓட்டவே கூடாது, அதன் பேரிங்குக்கு மசகு அந்தத் தண்ணீர்தான். கசிவுச் சோதனையில் நேர் எதிர்: பம்ப்புக்கு மட்டும் மின்சாரம், மற்ற எல்லா வயரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றிய நிலையில். அதற்கு 24 பின் கனெக்டரில் பச்சை வயரைக் கறுப்போடு சேர்க்கச் சொல்வது பழைய வழக்கம். இப்போதைய எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்பாகவே வருவதால், பின் எண்ணிக் குழம்புவதைவிட அதற்கென்றே விற்கும் ஜம்பர் பிளக்கை வாங்கிக்கொள்வது நல்லது.